நாலு தேங்காயும் ஒரு வோல்ட்மீட்டர் ஊசியும்

சார்ஜ்மேன்,

யாரும் நம்பப்போகாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று முதலிலேயே உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன். கூடவே இருந்தவன் நீ, நீகூட நம்பமாட்டாய். நீ போன இடத்திலிருந்து மறுப்புக் கடிதம் எழுத வசதி இல்லை என்பதுதான் எனக்குத் தைரியம்.

முந்தாநாள் டுரியான் துங்கால் போகும் வழியில் ஒரு டிரான்ஸ்பார்மர் என் காரை மறித்தது. ஆயிரம் சக்கர லோரியில் படுத்துக்கொண்டு, நத்தை முந்திப் போகிற வேகத்தில் ஊர்ந்தது. அதன் தலை அணைக்கட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வால் இன்னும் பத்து பெரண்டாம் ஊருக்குள் இருந்தது. எங்கோ டேட்டா சென்டர் கட்டுகிறார்களாம். ஒரு பட்டணம் குடிக்கிற கரண்டை அது ஒன்றே குடிக்குமாம். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இதை முதல்முதலாக ஓடவிடும்போது எத்தனை தேங்காய் உடைப்பார்கள்?

புக்கிட் ரம்பாய் ஐஸ் பேக்டரியில் நீ சார்ஜ்மேனாக மின்சாரம் பார்த்தாய், நான் லோரி ஓட்டினேன். முதலாளி புதிதாக நாலு கம்ப்ரசர் வாங்கினார். அவருக்கு மகள்களும் நாலு. ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் ஒரு மகளின் பெயரை வைத்து, ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் நாலு பேரும் ஒரே நொடியில் நாலு பட்டனையும் அமுக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். ஒருத்தி முந்தினால் மற்றவள் ஆயுசுக்கும் பேசமாட்டாள் என்பது அவர் கவலை.

நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

"ஓடுற மோட்டார் சாதுலா மச்சான். எழும்புறப்பதான் அஞ்சாறு மடங்கு இழுக்கும். நாலும் ஒண்ணா எழும்புனா இந்த லைன்ல இருக்குற எல்லாத்துக்கும் மூச்சு முட்டும்."

"எல்லாத்துக்கும்னா?"

"தாமான் குடியிருப்பு வீடுங்க, சலூன், பின்னால இருக்குற டயாலிசிஸ் சென்டர்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன். ஐயர் குறித்த அந்தக் கிழமை காலையில்தான் என் அக்காவுக்கு அங்கே முறை. நல்ல நேரத்தில் அவள் ரத்தம் பாதி உடம்பிலும் பாதி குழாயிலுமாக இருக்கும். முறையை மாற்றிவிடட்டுமா என்றேன். "அக்கா எழுந்தா அந்தக் கட்டில்ல வேற யாராச்சும் படுக்கத்தானே போறாங்க" என்றாய் நீ.

முதலாளியிடம் போனோம். "மீட்டர் எம்பேர்லதானே இருக்கு? நான் இழுத்துக்குவேன். நீ போடலைன்னா வேற ஆளு போடுவான்" என்றார்.

அதன்பிறகு நீ செய்ததை உலகத்தின் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நேரே ஐயர் வீட்டுக்குப் போனாய்.

"சாமி, கோயில்ல நாலு சந்நிதிக்கும் ஒரே நொடியில தீபாராதனை காட்டுவீங்களா?"

"எனக்கென்ன எட்டு கையா இருக்கு?"

"அப்ப மிஷினுக்கு மட்டும் ஏன் ஒரே நொடி? ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா தேங்காய் உடைக்கலாமே."

ஐயர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஷினுக்கு ஒரு தேங்காயா? முன்னாடியே சொல்லக்கூடாதா, பூஜை சாமான்ல நான் ஒண்ணுதான எழுதிக் குடுத்தேன்" என்றார். நல்ல நேரம் அரை மணி இருக்கிறது, கல்யாண வரிசைபோல மூத்தவள் முதலில் என்று அவரே முதலாளியிடம் சொல்லிவிட்டார். சார்ஜ்மேன் சொல்லி ஏறாதது ஐயர் சொல்லி ஏறியது.

அந்தக் காலை முதல் தேங்காய் உடைந்தது. மூத்தவள் அமுக்கினாள். மலாக்கா நீரிணையில் போய்க்கொண்டிருந்த கப்பல்களெல்லாம் ஒரு கணம் நின்று பார்த்தன. வோல்ட்மீட்டர் ஊசி சரிந்து, திரும்ப எழுந்தது. அடுத்ததை உடைக்கலாம் என்று நீ ஐயரைப் பார்த்துத் தலையாட்டினாய். இரண்டாவது தேங்காய். மறுபடி சரிவு, எழுச்சி, தலையாட்டல். மூன்றாவதில் ஊசி இறங்கியது, ஏறவில்லை.

ஐயர் நாலாவது தேங்காயைத் தூக்கிவிட்டார். நீ 'வேண்டாம்' என்று தலையசைத்தாய்.

"சாமி, நேரம் போகுதுலா" என்றார் முதலாளி.

ஐயர் தேங்காயைத் தலைக்கு மேல் பிடித்தபடியே, இல்லாத இடத்தில் இன்னொரு மந்திரத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் என் மீசை நரைத்தது. கடைக்குட்டி பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, "அப்பா, அமுக்கட்டா? அமுக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஊசியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மூன்றாவது மோட்டாரின் முனகல் மெல்ல மெல்லச் சீரானது. ஊசி எழுந்து தன் இடத்தில் நின்றது. நீ தலையாட்டிய பிறகுதான் தேங்காய் உடைந்தது.

"கரண்ட சட்டியில ஊத்தி மூடி வைக்க முடியாது. இங்க இழுக்குற நொடியிலயே அங்க ஒருத்தன் தள்ளணும்" என்று பிறகு சொன்னாய்.

"தள்ளுறப்ப இழுக்குறவன் கைய விட்டுட்டா?"

"தோட்டத்துல கயிறு இழுக்குற போட்டியில எதிராளி கயித்த விட்டானே, நீ எங்க விழுந்த?"

"கால்வாயில."

"அதேதான்."

அன்றிலிருந்து எனக்குக் கேள்விகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. டேட்டா சென்டருக்கு நூறு மகள்கள் இருந்தால் எந்த வரிசையில் எழுப்புவார்கள்? வெளியே கரண்ட் கொஞ்சம் தடுமாறினால் அது பயந்து தன் சொந்த பேட்டரிக்குத் தாவிவிடுமாமே. ஒரு பட்டணமே கயிற்றை விட்டமாதிரி ஆகாதா? ஊரெல்லாம் ஏர்கோன் போடுகிற வெயில் நேரத்தில், கொஞ்சம் பொறுத்துக் குடி என்று அதனிடம் யார் சொல்வார்கள்? உனக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அதற்குத் தகுந்த ஐயரைத் தேடிப் போயிருப்பாய்.

இப்போதும் கரண்ட் போய்த் திரும்பினால் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ஐஸ்பெட்டி, கொஞ்சம் பொறுத்து ஏர்கோன் என்று ஒவ்வொன்றாகத்தான் போடுகிறேன். "ஒரு வீட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்கிறாள் என் மனைவி. என் லைனில் யார் கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதே.

கப்பல்கள் நின்றது பொய். மீசை அதற்கு முன்பே நரைத்திருந்தது. ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம் என்று ஒப்புக்கொள்கிறேன். அன்று மதியம் அக்கா தன் காலாலேயே நடந்து வெளியே வந்தாள். நீ லோரியிலிருந்து இறங்கி அவளுக்கு இடம் விட்டாய். ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு லைட்டு நாலு தடவ கண்ணு சிமிட்டுச்சுடா. யாரைப் பாத்து?"