வெறுங்கயிறு

அத்தான்,

என் தையல் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். கடலில் முகம் புதைத்துப் பவளம் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே தொங்குகிறது. ரப்பர் வைத்த முகக்கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ளும் குழாய், வாத்துக்கால் மாதிரி ஒரு செருப்பு. வெயில் ஏறினால் அந்த ரப்பர் வாடை என் மிஷின் வரைக்கும் வந்துவிடுகிறது. நேற்று ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவன், எழுந்து பின்பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்தக் கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். இட்லி என்று சொல்லிவைத்தேன். உங்களைப் பற்றி அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நம் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் பிடித்திருப்பவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். மற்றவன் கண்ணசந்து போகலாம். மச்சினன் மட்டும் தன் அக்காள் தாலிக்காகக் கையை விடமாட்டான் என்று நம்பிக்கை. நீங்கள் அந்தமானுக்கு வந்து, பொத்தான் செய்கிற சிப்பி எடுக்கும் வேலையில் சேர்ந்தபோது இங்கே யாரும் கயிறு கட்டுவதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிப்பார்கள், மூச்சு முட்டினால் மேலே வருவார்கள். அக்காதான் கயிறில்லாமல் இறங்கக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். யார் யாரோ பிடித்தார்கள், அவளுக்குத் திருப்தியில்லை.

அறுபதுகளில் நான் இங்கே கடை வைக்கலாம் என்று மெட்ராஸில் கப்பலேறி, வழி முழுக்கக் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்து வந்து சேர்ந்தேன். கப்பல் வந்து நிற்கும் சாத்தம் ஜெட்டியில் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"தம்பி வந்துட்டான்லா. இனி அவன் பிடிப்பான்," என்றாள்.

"இவனா? கப்பல் நின்ன பொறவும் கம்பிய விடாமப் பிடிச்சிட்டு நிக்கான்," என்றீர்கள் நீங்கள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவுடன் அக்கா என்னை உங்களோடு அனுப்பிவிட்டாள். ஓர் இன்ஜினியர், மெயின்லேண்டிலிருந்து வந்த தன் விருந்தாளிகள் இரண்டு பேருக்குக் கடலுக்கடியில் பவளம் காட்ட ஆசைப்பட்டார். எந்த இடத்தில் பவளப் பார் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கல்கத்தாவில் வாங்கிய கண்ணாடியும் குழாயும் அவர்கள் மடியில் இருந்தன. ரப்பர் வாடையும் டீசல் புகையும் சேர்ந்து, ஜங்லிகாட் துறையை விட்டு எங்கள் டிங்கிப் படகு நகரும் முன்பே என் வாயில் உப்புநீர் ஊறத் தொடங்கிவிட்டது. இஞ்சினைப் பார்த்துக்கொண்ட ராஞ்சிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். காற்று மாறியிருந்தது.

பார் மேல் நங்கூரம் போட்டோம். விருந்தாளிகளில் ஒருவர் குழாயைக் கவ்வி முகத்தை நீரில் வைத்தார். ஓர் அலை குழாய்க்குள் இறங்கியது. அவர் இருமிக்கொண்டே ஏறி, இன்ஜினியரின் காலடியில் வாந்தியெடுத்தார். இன்னொருவர் அதைப் பார்த்தே எடுத்துவிட்டார். அதோடு பவளம் பார்த்த கதை முடிந்தது. மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது. அந்தமானில் குளிரா என்று கேட்பவர்கள், ஈரச் சட்டையோடு அந்தக் காற்றில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் தாடை தட்டிய தட்டில் ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லை.

திரும்பலாம் என்றபோது நங்கூரம் வரவில்லை. பவளப் பாறைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. ராஞ்சிக்காரர் இழுத்துப் பார்த்தார். டிங்கியின் மூக்கு தாழ்ந்து உள்ளே தண்ணீர் ஏறியது. அறுத்துவிட்டுப் போகலாம் என்றார் இன்ஜினியர். வழியில் இஞ்சின் நின்றால் நங்கூரம் இல்லாமல் பாறையில்தான் போய் அடிப்போம் என்று நீங்கள் சொன்னீர்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தீர்கள்.

"ஒரு இழுப்புன்னா தூக்கு. இழுப்பு இல்லன்னா சும்மா பிடிச்சிட்டு இரி. பயந்து போய் இழுத்துறாத, மாப்ள."

நீங்கள் குதித்தீர்கள். நீங்கள் இருந்த இடத்தை மழை மூடிவிட்டது. விரல்கள் மரத்துவிட்டன. டிங்கி ஏறும்போதெல்லாம் கயிறு இழுபட்டது, இறங்கும்போது தொய்ந்தது. எது அலையின் இழுப்பு, எது உங்கள் இழுப்பு? ஒரு தையல்காரனுக்கு நூலின் இழுப்பு தெரியும், கடலின் இழுப்பு தெரியாது. குனிந்து கயிற்றின் மேலேயே வாந்தியெடுத்தேன், கையை மட்டும் எடுக்கவில்லை. வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியாக அக்கா மீன் கழுவிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவளிடம் போய் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்ததும், நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்தேன். இழுத்தேன்.

கயிறு சுலபமாக வந்தது. இழுக்க இழுக்க வந்தது. அதன் நுனியில் நீங்கள் இல்லை.

விருந்தாளிகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "டரோ மத், பாய்," பயப்படாதே என்று இந்தியில் சொன்னார் ராஞ்சிக்காரர். கயிற்றைக் கீழே போடு, ஓரமாக உட்கார் என்று சைகை காட்டினார். என்னால் போட முடியவில்லை. அந்த வெறுங்கயிற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பனிமய மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகிறேன் என்பது கூட எனக்குத் தெரியாது.

டிங்கியின் மறுபக்கத்தில் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. பவளம் கிழித்து இரத்தம் வழிந்த கை. நங்கூரம் விடுபட்டிருந்தது.

"கயிறு பாறையில சுத்திக்கிட்டு. இடுப்புல இருந்து அவுத்து விட்டுட்டேன்," என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். கேலி ஒன்று வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தார்ப்பாயை இழுத்து என் மேல் போட்டு, நீங்களும் அதற்குள் வந்து உட்கார்ந்தீர்கள். இருவரும் நடுங்கியபடியே கரை வந்தோம். இறங்கும்போது மட்டும், "அக்காட்ட இதச் சொல்லாத," என்றீர்கள்.

சொல்லவே இல்லை. ஆனால் அதன் பிறகு நான் வராத நாளில் நீங்கள் கடலுக்குள் இறங்கவில்லை. சிப்பி எடுக்கும் மாதங்களில் என் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. சட்டை கேட்டு வந்தவர்கள் திட்டினார்கள். ஒருமுறைகூட வாந்தியெடுக்காமல் நான் திரும்பியதில்லை, ஒருமுறைகூடப் பயப்படாமல் அந்தக் கயிற்றைப் பிடித்ததில்லை. என்னைவிடக் கைதேர்ந்த ஆட்கள் ஜெட்டியில் இருந்தார்கள். அக்காவின் பிடிவாதம் என்றே நினைத்து மனதுக்குள் அவளை வைதுகொண்டிருந்தேன். நீங்கள் சிப்பி வேலையை விட்டு ஹார்பரில் சேர்ந்த அன்று, நான் மெழுகுவர்த்தி ஏற்றியது உங்கள் பதவிக்காக இல்லை, அத்தான்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"வெறுங்கயிறு வந்த கத எனக்குத் தெரியும்ல," என்றாள். "அன்னைக்குச் சாயந்திரமே சொல்லிட்டாரு."

"எங்கிட்டச் சொல்லாதன்னாரே."

"சொல்லும்போதே நீ அழுதுருவன்னுதான். அது திரும்ப ஒனக்குக் கண்ணு முன்னால நிக்கும்லா."

"என்ன சொன்னாரு?"

"கீழ போறப்பல்லாம் அவருக்கு ரொம்பப் பயமாம்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்தே. எங்கிட்டகூடச் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் சொன்னாரு. மேல வந்து பாத்தா ஒந்தம்பி வெறுங்கயித்தப் பிடிச்சிட்டு அழுதுட்டு நிக்கான், இனி எனக்குப் பயமில்ல, எனக்கும் சேத்து அவன் மேல இருந்து பயந்துக்கிடுவான்னாரு."

நீங்கள் பயந்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பயந்திருப்பேன்.

உங்களுக்காகப் பயப்படும் அந்த வேலையை நான் இன்னும் விடவில்லை அத்தான். காற்று எழும்பினால் வயிறு கலங்குகிறது, கை எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் கடலில் இல்லை என்று அவற்றுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.