வாழைப்பழம் இல்லாத படையல்

என் கோபக்கார அண்ணனுக்கு,

நீ தேடிக்கொண்டே இருந்தாயே, அந்த ஆள் கிடைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் முதல் நாள் நான் அவரை அடிக்கத்தான் போனேன்.

நம் சிஞ்ச்வட் வீட்டு பால்கனியில் மண்பானையில் தேனீ வளர்த்தாய். சர்க்கரைப் பாகு ஊற்றமாட்டாய், புகை போடமாட்டாய். அவை தின்று மிஞ்சினால் ஒரு துண்டு தேனடை, அவ்வளவுதான். உன்னைப் போல இன்னொருவர் புனேயில் உண்டா என்று எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டாய்! பதில் போட்டவர்களெல்லாம் எத்தனை கிலோ தேறும் என்றுதான் கேட்டார்கள். "இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒருத்தன்கூடவா இல்லாமப் போவான்?" என்பாய்.

அப்புறம் அந்த மத்தியானம். எதிர்க் கட்டட உச்சியில் மலைத்தேனீ கட்டியிருந்த கூட்டுக்கு, குடியிருப்புச் சொசைட்டி கூப்பிட்ட ஆட்கள் பட்டப்பகலில் தீ வைத்தார்கள். கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீ கத்திக்கொண்டே ஓடி, அத்தனை பிள்ளைகளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாய். நீ மட்டும் வெளியே நின்றுவிட்டாய். உன் முகத்தில் கொடுக்குகளைப் பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தன. நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. ஆம்புலன்ஸில் என் கையை நெரித்துப் பிடித்திருந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிடி விட்டது.

தேனீ கொட்டிச் செத்ததாக எழுதினார்கள். தீயைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, அண்ணே?

காரியம் முடிந்த மறுநாள் கொதிக்கிற தண்ணீரோடு உன் பானை முன்னால் போய் நின்றேன். உன்னைக் கொன்ற இனம்தானே! ஊற்றியே இருப்பேன். "அது வேற, இது வேறடி கழுதை" என்று நீ அதட்டுவது போலிருந்தது. பாத்திரத்தைப் பின்னால் இழுத்ததில் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

சொசைட்டி விடவில்லை. பானையை ஞாயிற்றுக்கிழமை மருந்தடித்து அழிப்போம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன் கீழே ஹாலில் சத்யநாராயண பூஜை வந்தது. வாழைப்பழம் பிசைந்த ரவைக் கேசரி, ஷீராதான் பிரசாதம். பக்கத்துக் கட்டடத்து ஷைலா தாயி, பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "கேளா நகோ, ஆஜ் நகோ" என்றார். இன்றைக்கு வாழைப்பழம் வேண்டாமாம்.

பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கு உன் குரல்தான் கேட்டது. "பழந் தின்னுட்டுப் பானைப் பக்கம் வராத. ஒரு தேனீ கொட்டுனா வர்ற வாசமும் பழ வாசமும் ஒண்ணு. மொத்தக் கூட்டமும் சண்டைக்கு வந்துரும்." அவர் காதருகே குனிந்து இந்தியில் கேட்டேன், இன்றைக்குக் கூட்டைத் திறக்கிறீர்களா என்று. அவர் முகம் செத்துப்போயிற்று.

வீட்டுக்குக் கூட்டிப் போனார். பின்பக்க பால்கனியில், காயப்போட்ட புடவைகளுக்குப் பின்னால் ஒரு பழைய மரப்பெட்டியில் தேனீக்கள். உன்னைப் போலவே பாகும் இல்லை, புகையும் இல்லை. புடவையை விலக்கினால் நேர் எதிரே உன் பானை.

அவரைத் தோளோடு பிடித்துச் சுவரில் மோதினேன். "தினம் பாத்தீங்கள்ல? அவன் ஊரெல்லாம் தேடினான்! நீங்க இங்கயே இருந்தீங்களே!" என்று இந்தியும் தமிழுமாய்க் கத்தினேன். அவர் என் கையைத் தடுக்கவில்லை. "டர் கயீ தீ, பயந்துட்டேன். தெரிஞ்சா என்னோடதையும் எரிச்சிருப்பாங்க" என்று அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

ஞாயிறன்று சொசைட்டி செக்ரட்டரி இரண்டு ஆட்களோடு வந்தார். "மேடம், சும்மா பிரச்சனை பண்ணாதீங்க" என்றார். ஒருவன் உள்ளே கால் வைத்தான். அந்தக் காலின் மேலேயே கதவை இடித்தேன். மற்றவன் என்னைத் தள்ளியதில் செருப்பு அலமாரியில் தலை மோதி நெற்றி கிழிந்தது. அவன் கையைக் கடித்தேன், அண்ணே. வாயில் ரத்தமும் மருந்தும் சேர்ந்து கசந்தது. மருந்து டப்பாவைப் படியில் உதைத்து உருட்டினேன்.

அப்போது லிஃப்ட் திறந்தது. ஷைலா தாயி தன் பெட்டியின் வாயைப் புடவைத் துணியால் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு செக்ரட்டரி கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். "ஏற்கெனவே ஒருத்தரைக் கொன்னாச்சு. இப்ப என்னோடதையும் கொல்லு, பாக்கலாம்!" என்று கட்டடமே கேட்கக் கத்தினார். படியில் நீ காப்பாற்றிய பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். செக்ரட்டரியும் ஆட்களும் இறங்கிப் போனார்கள், ஒருவன் நொண்டிக்கொண்டே. எங்கள் இருவர் மேலும் போலீஸில் புகார் இருக்கிறது. இருக்கட்டும்.

பெட்டி இப்போது நம் பால்கனியில், பானைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. தினம் டீ குடிக்க வருகிறார், சண்டையும் போடுகிறோம்.

நேற்று உன் வருஷத் திதி. தேனியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். இலையைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, படையல்ல பழத்தக் காணோம்?" என்றார்.

"அண்ணன் வந்து பானையத் திறக்கணும்ல சித்தப்பா" என்றேன்.

அந்தப் பானைக்கு இனி எவனாவது தீ கொண்டு வந்தால், முழுக் கையோடு திரும்பிப் போகமாட்டான். உன் படத்துக்கு முன்னால் எந்த வருஷமும் வாழைப்பழம் வைக்கமாட்டேன். சத்தியம். நீ பயமில்லாமல் வந்து திற.

கோபம் இன்னும் ஆறாத உன் தங்கை,
பூங்கொடி