அண்ணி தனக்கு மாப்பிள்ளை தேடிய கதை

என் ஆசை அண்ணா,

அழுகிற கடிதம் என்று நினைத்துவிடாதே. வாய்கொள்ளாச் சிரிப்போடு எழுதுகிறேன். அண்ணிக்குக் கல்யாணம். ஆமாம், உன் மெர்சிக்குத்தான்.

ஈசிஆர் ரோட்டில் அந்த லாரி உன்னைக் கொண்டுபோய் நான்கு வருடம் ஆகிறது. அம்மாவும் முன்பே போய்விட்டதால் வீட்டில் அப்பா, அண்ணி, நான் மட்டும்தான். அண்ணியின் அண்ணன் வந்து கூப்பிட்டார், அவள் போகவில்லை. உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். லீவு நாளில் அப்பாவோடு உப்பளத்துக்கும் போய் நின்றாள். வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எப்படிக் கேட்பது? 'என்னைத் துரத்தப் பார்க்கிறாயா' என்று நினைத்துவிட்டால்?

போன மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் மூழ்கி உப்பள வேலை நின்றிருந்தது. ஒரு மத்தியானம் நானும் அவளும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"ஜெசி, ஆன்லைன்ல பொண்ணு மாப்பிள்ளை பாக்குறாங்களே, அதுல நல்ல சைட் எதுடி?"

"யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான். கூடச் சேர்ந்து வயசாகுறதுக்கு ஒரு ஆள் வேணும்போல இருக்குது."

கடலை தொண்டையில் சிக்கி எனக்குப் புரையேறிவிட்டது. அவளே தலையில் தட்டிவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் கூத்து. முதலில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஆப். போட்டோ ஏற்றி முடிப்பதற்குள் 'ஹாய் டியர்', 'சாப்டாச்சா டியர்' என்று வந்து குவிந்தது. ஒருத்தன் யாருடைய காரிலோ சாய்ந்து நின்றுகொண்டு, வயதில் பத்தைக் குறைத்திருந்தான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தாள். அடுத்து ஒரு கல்யாண சைட். சாதி, நிறம், சம்பளம் எல்லாம் கேட்டது. அவளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மறுமணப் பகுதியில் பேரன் எடுத்தவர்களெல்லாம் 'அடக்கமான பெண் தேவை' என்று போட்டிருந்தார்கள். பணம் கட்டச் சொல்லி அந்த ஆபீஸிலிருந்து தினமும் போன் வேறு.

"மளிகைக் கடையா இது? நிறம் பாத்து எடைபோட்டு எடுக்க?" என்றாள் அண்ணி. "எப்படி வாழணும்னு கேக்குற சைட் இருந்தா சொல்லு. இல்லேன்னா வேணாம்."

தேடித் தேடி ஒன்றைப் பிடித்தோம். அடையாள அட்டையைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். நாமாகக் கொடுக்கும்வரை போன் நம்பர் யாருக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் சொல்லாமல் விலகிவிடலாம். பொழுதுபோக்கா, நீண்டகாலத் துணையா என்று முதலிலேயே கேட்டது. பிறகு ஒரு கேள்வி: 'யாருக்காகவும் எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?'

அண்ணி யோசிக்கவேயில்லை. 'என் மாமனாரை. ஞாயிற்றுக்கிழமை அவர் செய்கிற இறால் தொக்கை' என்று எழுதினாள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். கேட்கவில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த வரியைப் படித்ததும் நழுவினார்கள். 'செத்துப்போன புருஷனின் அப்பா உனக்கு என்ன உறவு?' என்றே ஒருத்தன் கேட்டான். அன்று மட்டும் அண்ணி போனை அணைத்து வைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. 'தொக்கில் தக்காளி போடுவாரா, புளியா?'

பாண்டி பக்கம் பெரிய முதலியார்சாவடிக்காரர். பெயர் ஜெரால்டு. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். கல்யாணமாகி விவாகரத்து ஆனவர் என்பதை அவரே முதலில் சொன்னார். முன்னாள் மனைவியைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அண்ணிக்கு அது பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் எழுத்தில், அப்புறம் வீடியோவில் பேசினார்கள். பிறகு பாண்டி பீச்சில் நேரில். பாதுகாப்புக்கு நான் தள்ளி ஒரு பெஞ்சில், ஒன்றும் தெரியாதவள்போல. கொஞ்ச நேரத்தில் அவரே என்னிடம் வந்து நின்றார்.

"வெயில்ல ஏங்க உக்காந்திருக்கீங்க? அங்க நிழல் இருக்குது, வாங்க. நீங்க ஜெசிதானே? எங்களையே பாத்துட்டிருக்கீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ இருந்தபோது கேட்டிருக்கிறேன் அண்ணா. நீ போன பிறகு அன்றுதான் கேட்டேன்.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். அண்ணியே போய்ச் சொன்னாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். வரப்பில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவமா பா?"

"கோவம் என்ன? நானே கேக்கணும்னு இருந்தேன். வாய் வரல. போகச் சொல்றாருன்னு மெர்சி நெனச்சிடுமோன்னு பயம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "பையன் நல்லவனா?"

பார்த்தாயா? ஒரே வீட்டுக்குள் அவரும் நானும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாய்மூடி இருந்திருக்கிறோம்!

அடுத்த ஞாயிறு ஜெரால்டு வீட்டுக்கு வந்தார். அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்பா, அந்த சைட்ல எத்தனை பொண்ணுங்ககிட்ட பேசின?"

"ரெண்டு பேருங்க. இன்னொருத்தங்க பதிலே போடலீங்க."

அப்பா சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து நம் கோயிலில் கல்யாணம். அண்ணியின் அப்பா இல்லாததால், பீடம்வரை நம் அப்பாதான் கைபிடித்து அழைத்துப் போகிறார். பக்கத்திலேயே அனுமந்தையில் வீடு பார்த்திருக்கிறார்கள். வேண்டும்போது வந்து போகலாம். நேற்று கல்லறைக்கு வந்து உன்னிடம் அவள் வெகுநேரம் பேசினாளே, என்ன சொன்னாள்? நான் கேட்கவில்லை. உனக்கு வலிக்கிறதா அண்ணா? இல்லை, நீயும் சிரிக்கிறாயா?

ஜெரால்டை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குக் குழப்பம். அவரிடமே கேட்டேன். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க போதும். அண்ணான்னு கூப்பிட உங்களுக்கு ஒருத்தர் இருக்காரே" என்றார். இருக்கிறார் என்றார் அண்ணா, இருந்தார் என்று சொல்லவில்லை. அண்ணி சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மெர்சி எந்த வீட்டில் வாழ்ந்தாலும் எனக்கு அண்ணிதான். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு நான் அத்தைதான்.

அண்ணியின் கல்யாணத்துக்குப் புதுப்புடவை எடுத்திருக்கும்
உன் ஒரே தங்கை,
ஜெசி