ஒரே சர்வரில் எல்லாரும்

வியாழக்கிழமை, பௌர்ணமி.

ஊர்க் கடைகளுக்கு நான் செய்துகொடுத்த இணையதளங்களை எல்லாம், சிக்கனமாக இருக்கட்டும் என்று ஒரே சர்வரில் அடைத்தவள் நானேதான். பௌர்ணமி வந்தால், கிரிவலத்துக்காக செங்கம் ரோட்டு சலீம் பாயின் லாட்ஜில் அறை பதிவு செய்யும் கூட்டம் சர்வரின் மெமரி முழுவதையும் தின்றுவிடுகிறது. மற்ற தளங்கள் படுத்துவிடுகின்றன. காலையில் பாயிடம், அவருக்குத் தனி சர்வர் போடலாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? என்னை மட்டும் ஒதுக்கி வைக்கறே?"

"ஒதுக்கல பாய். உங்களுக்குக் கூட்டம் ஜாஸ்தி, அதான்."

"எல்லாரோடயும் ஒண்ணா இருந்தே பழகிட்டேன். அப்படியே விட்டுடும்மா."

சரி என்று அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பயந்தபடியே ஆனது. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் முருகன் போன் செய்தான்; அவனுக்குச் சவாரி பிடித்துத் தரும் தளமும் அதே சர்வரில்தான். "அக்கா, நம்ம சைட் தொறக்கவே மாட்டேங்குது."

பாயின் தளத்தைக் கட்டுப்படுத்தினால் வருகிறவர்கள் அறையில்லாமல் நிற்பார்கள். விட்டால் முருகனின் வேன் சவாரியில்லாமல் நிற்கும். கடைசியில், அதே சர்வரில் இருந்த, எனக்குப் புது வேலை கொண்டுவரும் என் சொந்தத் தளத்தை நிறுத்தினேன். முருகனுடையது எழுந்துகொண்டது.

அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் இன்னும் கூடினால் நிறுத்த, என்னுடையது என்று வேறு எதுவும் மிச்சமில்லை.