குளிர்க் குடுவையில் ஒரு பிள்ளை

பிப்ரவரி 3
ஃபாதர் இன்று மூன்று முறை வண்டியை நிறுத்தினார். நான்காவது முறை கோயில் மதிலில் மோதப் போனார். என் பக்கத்து பிரேக் காப்பாற்றியது. பங்குச் சாமியாருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பாக்கியம் எந்த டிரைவிங் ஸ்கூல்காரிக்குக் கிடைக்கும்?

பிப்ரவரி 5
மருத்துவமனையிலிருந்து போன். வேறொரு தம்பதிக்காக உண்டாக்கிய கரு ஒன்று உறைய வைத்தபடி இருக்கிறதாம். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. மிச்சமிருப்பதைப் பிள்ளை இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். நாங்கள் சரி என்றால் என் வயிற்றில் வைப்பார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.
நான் துள்ளினேன். இவர் துள்ளவில்லை. "யோசிப்போம்" என்றார். இவர் யோசிப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது?

பிப்ரவரி 6
கடைசியில் வாயைத் திறந்தார். "இன்னொருத்தங்க புள்ளைய நீ சுமக்கறது... கல்யாணத்துல பீடத்துக்கு முன்னாடி நாம குடுத்த வாக்குக்கு ஒத்து வருமா? கடவுள் வேலையில கை வைக்கிற மாதிரி இருக்கு."
"பொறந்த புள்ளையத் தத்தெடுத்தா புண்ணியம், பொறக்காததத் தத்தெடுத்தா பாவமா?"
 ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு ஃப்ரிட்ஜையோ பழுது பார்க்கப் போய்விட்டார். கோபம் வந்தால் மனுஷர் இரட்டிப்பாக உழைப்பார். குடும்பத்துக்கு லாபம்தான்.

பிப்ரவரி 10
ஃபாதரிடம் கேட்டேன் — அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது. எங்கே ஓடிவிடுவார்?
"கருவ இப்படி உண்டாக்குறதத் திருச்சபை ஏத்துக்கல. ஆனா உண்டான பிறகு அதுவும் ஒரு உயிர். அத இன்னொருத்தி சுமக்கலாமான்னா, இறையியல் படிச்சவங்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. திருச்சபையும் தயங்குது."
"நீங்க எந்தக் கட்சி ஃபாதர்?"
"சிக்னல் பச்சையாயிடுச்சா டீச்சர்?"
அது பச்சையாகி எவ்வளவோ நேரம். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

பிப்ரவரி 14
குழம்பில் உப்பு அதிகம். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 15
நான் ஆசைப்படுவது அந்தக் கருவுக்காகவா, எனக்காகவா? இரண்டும்தான். கடவுளிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாததா? அழுதேன். மூக்கு அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிப்ரவரி 19
சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது!
காலையிலிருந்து ஊர் முழுக்கக் கரன்ட் இல்லை. இவர் பட்டறை ஜெனரேட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார். ஐஸ்கிரீம் கடைக்காரர் கத்திக் கூப்பிட்டும் நிற்கவில்லையாம். பதினொரு மணிக்கு மருத்துவமனை நர்ஸ் போன் செய்தாள்.
"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஜெனரேட்டரோட வந்து நிக்கிறாரு. 'எங்க புள்ள இருக்கற ஃப்ரீசர் எங்க, ஒயரக் குடுங்க'ன்னு ஒரே சத்தம்!"
கருவை வைத்திருக்கும் குடுவைக்குக் கரன்டே வேண்டாமாம். உள்ளே அது திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கிறது. காலமெல்லாம் ஃப்ரிட்ஜோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கரன்ட் இல்லாமல் குளிர் நிற்கும் என்று தோன்றவே இல்லை.
அசடு வழிய வீட்டுக்கு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சரி, பொய் எதற்கு, கேட்டேன்.
"யாரு புள்ளன்னு சொன்னீங்க?"
"வாய் தவறி வந்துடுச்சு." காது சிவந்திருந்தது.

பிப்ரவரி 22
ஃபாதர் முதல்முறையாக வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டினார்.
"உங்க வீட்டுக்காரர் நேத்து வந்தாரு. ரெண்டு கட்சி வாதத்தையும் முழுசா எடுத்துச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, 'எல்லாம் சரி ஃபாதர், நீங்கள்லாம் பேசி முடிக்கிற வரைக்கும் அது அங்க தனியா கெடக்குமே'ன்னாரு. எனக்குப் பதில் தெரியல டீச்சர்."

பிப்ரவரி 24
சரி என்று சொல்லிவிட்டோம். போன் செய்தது இவர்தான். நான் பக்கத்தில் நின்று கைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 9
வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. இனி வகுப்பு இல்லை. ஃபாதர் லைசென்ஸ் வாங்கிவிட்டார், ஊர்தான் பாவம்.
வீட்டில் மின்விசிறிக்குத் தடை. குளிர்ந்த தண்ணீருக்கும் தடை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் இந்த அநியாயம்! கேட்டால், "இத்தன நாள் குளிர்லயே கெடந்துச்சு, போதும்" என்கிறார். வயிற்றைத் தொடும் முன்பு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார்.