முத்துராணி இறங்கமாட்டாள்

ஆசை மச்சான் மைதீனுக்கு,

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. உன் தொடர்கதையில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை என்னை எழுதித் தரச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். ஒன்பது வயது முத்துராணி செய்த தப்பை மந்திரியின் சூழ்ச்சி என்று மாற்ற வேண்டுமாம். பக்கத்து நாட்டு இளவரசன் வந்து அரியணையில் உட்கார வேண்டுமாம். பிள்ளைகள் படிக்கிற கதையில் ராணி தப்பு செய்யலாமா என்று கேட்கிறார்.

ஏன் செய்யக்கூடாது?

கடலுக்கடியில் ஒரு நாடு, வெளிச்சத்துக்கு ஒரே ஒரு பெரிய முத்து, அதை முறை வைத்துத் தெருத்தெருவாகத் திருப்பும் சிறுமி ராணி. இதை நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். "முதுகுளத்தூர்ல குடிக்கத் தண்ணியில்ல, ஒனக்குக் கடலுக்குள்ள அரண்மனை கேக்குதா மச்சான்?" என்றேன்.

"ஏலே மாப்ளே, அது ஒங்க ஊருக் கண்மாய்தான்," என்றாய். என் சிரிப்பு நின்றுபோனது.

அந்தக் கண்மாயில் எனக்கு நடந்ததை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அய்யா இறந்ததும் ஊர் வழக்கப்படி மடை திறக்கும் வேலை மகன் தலையில் விழுந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய வீட்டுக்காரர்கள் கண்மாய்க் கரைக்கு வந்து 'ராசா' என்று கூப்பிட்டார்கள். பெருமை தலைக்கேறி அவர்கள் வயலுக்கே திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டேன். கடைமடையில் சேரிக்காரர்களின் நாற்று கருகியது. அங்கிருந்து வந்த மாரியாயி திட்டவில்லை.

"நாலு நாளா மடையடியில நின்னு ஒன் மொகத்தையே பாத்தேன் தம்பி. நீ எங்க பக்கம் திரும்பவே இல்ல."

எந்த முனிவரும் வந்து எனக்குப் புத்தி சொல்லவில்லை. அடுத்த முறை கடைமடையிலிருந்து தொடங்கினேன். 'ராசா' என்ற அதே வாய்கள் 'பொடிப்பய' என்றன. மண்வெட்டியைப் பிடுங்க வந்தார்கள். கொடுக்கவில்லை.

முத்துராணியும் அரண்மனைத் தெருவுக்கே வெளிச்சம் காட்டினாள். எல்லையில் இருந்த பிள்ளைகளுக்கு இருட்டில் கண் மங்கிப்போனது. அது அவள் செய்ததுதான். பழியை மந்திரிமேல் போட்டால் அவள் கடைசிவரை ஒன்பது வயதிலேயே நிற்பாள். இளவரசன் வந்து காப்பாற்றினால் படிக்கிற பிள்ளைகளும் யாரோ வருவார் என்று காத்திருப்பார்கள். சுதந்திரம் வந்த பிறகும் நாம் காத்துக் கிடக்கிறோமே, அது போதாதா?

நீ இருந்தால் ஆசிரியரோடு சண்டை போட்டிருப்பாயா? இல்லை, சிரித்துக்கொண்டே உன் இஷ்டப்படி எழுதியிருப்பாயா?

நேற்று அத்தியாயத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் அவள் எல்லைக்கு நடந்தே போகிறாள். கண் மங்கிய பிள்ளைகள் முன்னால் நின்று, "நான்தான் செய்தேன்" என்கிறாள். முத்தை அங்கிருந்து திருப்பத் தொடங்குகிறாள். அரண்மனைக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். அவள் அரியணையை விடவில்லை.

அச்சிடாவிட்டால் போகட்டும். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நானே உரக்க வாசிப்பேன். மாரியாயியின் பேத்தியை முன்வரிசையில் உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்து வாசிப்பேன். ஒரு வரியைக்கூட மாற்றமாட்டேன் மச்சான்.

பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் உனக்கு மாப்பிள்ளையான,
முருகேசன்