சட்டைப்பையில் போட்ட பங்கு

ஜனவரி 11, வியாழன்

இன்று ஆய்வகத்தில் நாற்பத்திரண்டு பால் மாதிரிகள். ஒன்றில் மட்டும் கிருமி எண்ணிக்கை அதிகம். பண்ணைக்காரர் தொலைபேசியில் கத்தினார்: "என் மாடுங்களைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" மாடுகளைப் பற்றித் தெரியாது. பாலைப் பற்றித் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சிஜியோகேயின் நினைவு நாள். அவர் போய்ப் பதினான்கு வருடம். அவருடைய பெரியப்பா மகன் பெனெத் வருவார், இந்த ஊரில், ட்ரோஹெடாவில், இருக்கும் நம் நாட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். வந்தவர்களுக்கு முதலில் உடைத்துப் பங்கிட்டுக் கொடுக்க ஆப்பிரிக்கக் கடையில் எட்டு கோலாக்கொட்டை வாங்கினேன். ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று.

மகன் ஒடெரா கார்க் நகரத்திலிருந்து பேருந்தில் வருகிறான். நவம்பரில் காரில் வந்தபோது கிளம்பும் நேரத்தில், கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான். ஃபின்டன் என்று ஒருவன். மூன்று வருடமாம். ஒரே வீட்டில். நான் கேட்ட ஒரே கேள்வி, "பெட்ரோல் போட்டியா?"

அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும்தான்.

ஜனவரி 14, ஞாயிறு

வந்தார்கள். போனார்கள். எழுத முடியவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

மதிய உணவு இடைவேளை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒடெரா கோலாத் தட்டைக் கொண்டு வந்தான். பெனெத் வயதில் மூத்தவர், அதனால் பிரார்த்தனை அவருடையது. உடைப்பது ஒடெரா. அப்பா இறந்த வருடத்திலிருந்து, பத்து வயதிலிருந்து, இந்த வீட்டில் கோலா உடைப்பது அவன்தான். நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். பெண் என்பதால் ஒரு கொட்டையை உடைக்க எனக்கு உரிமை கிடையாது. சிரிப்பாக இருக்கும். ஆனாலும் ஒருநாளும் மீறியதில்லை.

உடைத்தான். நான்கு இதழாகப் பிரிந்தது. நல்ல கொட்டை. இன்னும் இரண்டை உடைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தான். என் உள்ளங்கையிலும் ஒரு துண்டு வைத்தான்.

பெனெத் தன் துண்டை வாயருகே கொண்டு போனவர் நிறுத்தினார். அவருடைய மகள் ஒடெராவும் ஃபின்டனும் சேர்ந்திருந்த ஏதோ படத்தைக் கைபேசியில் காட்டியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"இந்தக் கையால உடைச்சதை நான் எப்படித் திங்கறது?" என்றார். கத்தவில்லை. தட்டில் திரும்ப வைத்தார்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள். பீங்கானில் துண்டுகள் விழும் சத்தம். கடைசியில் நான்தான் பாக்கி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

நான் தட்டில் வைக்கவில்லை. தின்னவும் இல்லை. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன்.

அது மட்டும்தான் செய்தேன். அவ்வளவுதான்!

ஒடெரா சமையலறைக்குப் போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். மேல்சட்டையை எடுத்துக்கொண்டான். "வர்றேன் மம்மி." வழக்கமான குரல். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினான்.

நான் எழுந்து போய்ச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். வந்தவர்களுக்குப் பரிமாறினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. ஆறாவது முறை.

கடவுள் நம்பிக்கை தடுத்தது என்றாவது சொல்ல முடிந்தால் ஒரு மரியாதை இருக்கும். சர்ச்சுக்கு நான் போவது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக. எனக்குப் பயம் பெனெத்தின் புருவம். பிறகு அந்த ஏழெட்டுப் பேர். இந்த ஊரில் என் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டு வருபவர்கள் அவர்கள்தான். சிஜியோகேயின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களும்.

அதற்காகவா? ஆமாம், அதற்காகத்தான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சர்ச் வாசலில் தோழி கெலெச்சியம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஒடெராம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. ஊருக்குப் போன் போடு. நல்ல பொண்ணா ஒண்ணு பாரு, டிக்கெட் எடுத்து அனுப்பு. ரெண்டு மாசம் அவ கையால கசப்புக்கீரைச் சாறு குடிச்சான்னா தானா சரியாயிடுவான்."

"உன் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமா உன் சாறைத்தானே குடிக்கறார். என்ன சரியாச்சு?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பேசறது எல்லாம் என்கிட்டதான்டி. அன்னிக்குப் பேசியிருக்கலாம்ல?" என்றாள்.

அவளும் அன்று தன் துண்டைத் தட்டில் வைத்தவள்தான். இருந்தாலும் சொன்னது சரி.

பிப்ரவரி 19, திங்கள்

ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒரு குறுஞ்செய்தி. "என் பிறப்புச் சான்றிதழ் வேணும். நம்ம ஊர் எனுகுல வாங்கினது, ஒரிஜினல். தபால்ல அனுப்புங்க."

எதற்கு என்று எழுதவில்லை. எதற்கு என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கல்யாணம் பதிய இங்கே மூன்று மாதம் முன்பே தாள்களைக் கொடுக்க வேண்டும்.

பதில் எழுதினேன்: "தபாலில் தொலைந்துவிடும். நேரில் வந்து வாங்கிக்கொள்."

தாளைக் காட்டி மகனை இழுக்கப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தியை அழிக்கவில்லை.

மார்ச் 16, சனி

காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி. ஓடினேன். வாசலில் ஒரு உயரமான செம்பட்டைத் தலை, கையில் கேக் பெட்டி.

"நான் ஃபின்டன். அவன் வரல. சான்றிதழுக்கு நான் வந்தேன்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். மழையில் நனைந்த காலுறையோடு, காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு ஒடெரா சொன்னான். ஆனா என்னன்னு கூப்பிடணும்னு சொல்லல. வழி முழுக்க யோசிச்சுட்டு வந்தேன்."

"என்ன முடிவு பண்ணீங்க?"

"கூப்பிடாமலே பேசிட்டுப் போயிடலாம்னு."

சிரித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

தேநீர் கொடுத்தேன். பிஸ்கட் கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு வந்தவன் முன்னால் முதலில் எது வர வேண்டுமோ அது வரவில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு முறை சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு தேநீரைக் குடித்தான்.

எனக்குள் சொல்லிக்கொண்டேன்: வீட்டில் உடைக்க ஆண்பிள்ளை இல்லை, எனக்கு உரிமை இல்லை, ஆகையால் முடியாது. என்ன அழகான காரணம். பண்ணைக்காரர்கள்கூட இதைவிட நல்ல காரணம் சொல்வார்கள்.

"ஒடெரா எப்படி இருக்கான்?"

கோப்பையைக் கீழே வைத்தான். "வேலைக்குப் போறான், வர்றான். சாப்பிடறான். கையைத்தான் அடிக்கடி கழுவறான். முன்னெல்லாம் அப்படி இல்ல."

சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தேன். எழுந்தான். "ஜூன் இருபத்திரண்டு. கார்க்ல. பதினொரு மணி. நீங்க வரலாம்னு நான் சொல்றேன். அவன் சொல்லச் சொல்லல. பொய் சொல்ல விரும்பல."

வாயிற்கதவு வரை போய்விட்டான். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நில்லுங்க" என்றேன்.

குளிர்பெட்டியில் போன வாரம் வாங்கிய கொட்டைகள் இருந்தன. விரலால் தடவி, நான்கு இதழாகப் பிரியும், நான்கு கோடு உள்ளதாகத் தேடி எடுத்தேன். உடைக்காமல், முழுசாக அவன் கையில் வைத்தேன்.

"ஒடெராகிட்ட குடுக்கணுமா?"

"உங்களுக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஒடெராவுக்குப் புரியும். வந்தவன் எந்த வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறான் என்று தன் வீட்டாருக்குக் காட்டத்தான் முழுக் கொட்டையைக் கொடுத்தனுப்புவது. முன்பின் தெரியாதவனுக்குக் கொடுக்க மாட்டோம்.

ஃபின்டன் அதைச் சட்டையின் உள்பையில் வைத்தான். பத்திரமாக, சான்றிதழைவிடப் பத்திரமாக.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 20, சனி

ஒன்றும் இல்லை. எதை எதிர்பார்க்கிறேன்? ஒரு கொட்டை கொடுத்தால் ஜனவரி போய்விடுமா?

மே 5, ஞாயிறு

பெனெத் வந்தார். கூட இரண்டு பேர். கோடை விருந்துக்கு என் வீட்டுத் தோட்டம் வேண்டுமாம். உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"என்ன, எங்க வீட்டு மருமகளே, தட்டைக் காணோம்?" என்றார் பெனெத், சிரித்தபடி. "ஆள் இல்லேன்னா என்ன, நானே உடைக்கறேன். கொண்டா."

"உடைக்கிறவன் கார்க்ல இருக்கான்."

சிரிப்பு நின்றது.

"இந்த வீட்டுல அவன் கைதான் உடைக்கும் அண்ணா. அவன் வர்ற அன்னிக்கு வாங்க. உடைச்சுக் குடுப்பான். திங்கறதும் திங்காததும் உங்க இஷ்டம்."

தண்ணீர்க் கோப்பைகளை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

பெனெத் எழுந்தார். "சிஜியோகே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சிஜியோகே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பதினான்கு வருடமாக அவர் பெயரில் எல்லோரும் பேசுகிறோம்.

நான்கு மாதம் பிந்திய தைரியம். அதைப் பார்க்க வேண்டியவன் அறையில் இல்லை.

மே 26, ஞாயிறு

சர்ச்சில் என் பக்கத்து நாற்காலி காலி. அதற்கு அடுத்ததும். பாட்டு முடிந்தபின் கெலெச்சியம்மா வந்து உட்கார்ந்தாள். "தள்ளி உக்காருடி, இடிக்குது" என்றாள். இடிக்கவே இல்லை.

ஜூன் 22, சனி

விடுமுறை நாளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். மகன் அழைக்காத இடத்துக்கு நான் எப்படிப் போவேன்? பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே தட்டின் கிருமிகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்.

ஜூன் 25, செவ்வாய்

தபாலில் ஒரு சிறிய உறை. கையெழுத்து ஒடெராவுடையது. பின்பக்கம் கார்க் முகவரி, வீட்டு எண்ணோடு. அந்த எண் இதுவரை எனக்குத் தெரியாது.

கடிதம் இல்லை. படம் இல்லை. எண்ணெய்க் காகிதத்துக்குள், ஈரத்தாளில் சுற்றி, ஒரே ஒரு துண்டு. கோலாக்கொட்டையின் ஓர் இதழ். உடைத்த ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது, மூன்று நாள் ஆனால் எப்படி ஆகுமோ அப்படி. சனிக்கிழமை உடைத்திருக்கிறான்.

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூஞ்சை இல்லை. சுருக்கம் இல்லை. நகத்தால் அழுத்தினால் ஈரம். நான் ஃபின்டனிடம் கொடுத்த மார்ச் பதினாறிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல். இரண்டு நாளைக்கு ஒரு முறை காகிதம் மாற்றாமல் ஒரு கொட்டை இப்படி இருக்காது. சிறு வயதில் அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தது நான்தான். அலுத்துக்கொள்வான், ஆனால் மறக்க மாட்டான்.

நான்கு கோடு உள்ள கொட்டை. அவனுக்கு ஒன்று, ஃபின்டனுக்கு ஒன்று. ஒன்று ஃபின்டனின் அம்மாவுக்காக இருக்கலாம். அவள் அங்கே இருந்திருப்பாள். நான்காவது பங்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறது.

வா என்று எழுதவில்லை. மன்னித்தேன் என்றும் எழுதவில்லை. இல்லாததைப் படிக்கக் கூடாது.

மாடிக்குப் போனேன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, ஜனவரியிலிருந்து. போடவில்லை, துவைக்கவுமில்லை. பையில் கைவிட்டேன். அடியில், நூலோடு ஒட்டிக்கொண்டு, கறுத்து, சுருங்கி.

எதை முதலில் தின்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கல்லாக இருந்தது. கடைவாயில் வைத்து ஊற விட்டேன். வெகு நேரம் ஒரு சுவையும் இல்லை, கம்பளியின் சுவை தவிர. பிறகு கசந்தது. முழுக்க மென்று விழுங்கிய பிறகுதான் மற்றதை எடுத்தேன்.

ஆய்வகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பும் வழியில் ஆப்பிரிக்கக் கடையில் எட்டு கொட்டை வாங்கினேன். வியாழக்கிழமை காகிதம் மாற்ற வேண்டும்.